ஓதம் எங்கிருந்து வருகிறது?

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், முழங்கால் உயரத்தில், பெயிண்ட் உப்பி நிற்கிறது. விரல் பட்டால் பொரிந்து உதிர்கிறது. அடியிலுள்ள பூச்சு மணலாகக் கையோடு வருகிறது. பொங்கலுக்குச் சுரண்டி, பட்டி பார்த்து, புதிதாக அடித்த பெயிண்ட் ஆடி பிறப்பதற்குள் அதே இடத்தில் மறுபடி உப்பிவிடுகிறது. பிளம்பர் வருகிறார். ஷவர் குழாய் போகும் தடத்தைக் கையால் அளந்து, ஈரத்துக்கு நேர் மேலே ஓரிடத்தைக் காட்டி, உடைக்கலாம் என்கிறார். நாலு டைல் போகிறது; உள்ளே குழாய் காய்ந்து கிடக்கிறது. இன்னும் நாலு டைல் போகிறது. அடுக்ககமாக இருந்தால், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும் அளவுக்கு இது வளர்வதும் உண்டு. நீர் இருப்பது சுவரின் ஒரு பக்கம். ஈரம் தெரிவது மறுபக்கம், அதுவும் வேறு உயரத்தில். நடுவில் உள்ள நாலரை அல்லது ஒன்பது அங்குலச் செங்கல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

இந்தக் கேள்விக்கு நாம் பெரும்பாலும் இடத்தை வைத்தே விடை தேடுகிறோம். ஈரம் இங்கே இருக்கிறது, ஆகவே ஓட்டை இங்கேயோ இதற்கு நேர் மேலேயோ இருக்க வேண்டும் என்பது இயல்பான ஊகம். நீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்ற அனுபவம் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் செங்கல் சுவருக்குள் அந்த அனுபவம் பாதிதான் செல்லுபடியாகும். அங்கே நீர் இறங்கும், ஏறும், பக்கவாட்டில் பரவும், வெற்றிடம் கிடைத்தால் தேங்கி நின்று பிறகு வேறு திசையில் வெளியேறும். அது எந்த வழியில் வந்தது என்பதை ஈரத்தின் இடத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். எப்போது வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. குளித்த பிறகு மட்டும் கூடும் ஈரம், வீடு பூட்டிக் கிடந்தாலும் கூடும் ஈரம், வெந்நீர் இணைப்பை மூடினால் குறையும் ஈரம் ஆகிய மூன்றும் மூன்று வேறு பழுதுகளின் அடையாளம். கசிவைத் தேடும்போது இடத்தைவிட நேரம் நம்பகமான சாட்சி என்பதும், சுத்தியலைத் தொடும் முன்பே அந்தச் சாட்சியை விசாரித்து முடித்துவிடலாம் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இடம் ஏன் பொய் சொல்கிறது என்று பார்ப்போம். அகல்விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது. பஞ்சிழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடுக்குகளின் ஓரங்களில் எண்ணெய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய எண்ணெய் பின்னால் இருப்பதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு ஏறுகிறது. செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் நீருக்கு இப்படிப்பட்ட திரிகளே. மயிரிழையைவிட மெல்லிய துளைகள் அவற்றுக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இத்துளைகளில் நீர் தானாக ஏறுவதை நுண்புழை ஏற்றம் என்கிறார்கள். 1718இல் ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர், குழாயின் துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும் என்பதைக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு விளக்கினார். 1 மி.மீ ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 15 மி.மீ ஏறும். ஆரம் அதில் நூறில் ஒரு பங்கானால் ஏற்றம் நூறு மடங்காகி ஒன்றரை மீட்டரை எட்டும். உண்மைச் சுவரில் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் ஏற்றம் அந்தக் கணக்கை எட்டுவதில்லை. ஆனாலும் குளியலறைத் தரையோரம் கசியும் நீர், மறுபக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் தலைகாட்ட இது தாராளமாகப் போதும். தோள் உயரத்தில் குழாயிலிருந்து இறங்கும் நீரும் அதே முழங்கால் உயரத்தில் வெளிப்படலாம். இரண்டு வெவ்வேறு பழுதுகள் சுவரில் ஒரே படத்தை வரைந்துவிடுகின்றன.

துளைகள் போதாவென்று, கட்டும் முறையும் நீருக்கு வழி அமைத்துக் கொடுக்கிறது. டைலின் நடுவில் மட்டும் கலவையை அப்பி அழுத்தி ஒட்டினால் ஓரங்களில் பொள்ளலாக இடம் மிஞ்சும். குழாய் புதைக்கச் சுவரில் வெட்டிய காடியும் அரைகுறையாக அடைக்கப்பட்டிருக்கும். மேலே கசிந்த நீர் இந்தப் பொள்ளல்கள் வழியாகவும், குழாயின் முதுகைப் பிடித்துக்கொண்டும் வெகுதூரம் இறங்கி, தடை வரும் இடத்தில்தான் சுவருக்குள் ஊறத் தொடங்குகிறது. பல அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்த்தி, அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாய்களைப் போட்டு, செங்கல் துண்டுகளும் மண்ணும் கொட்டி நிரப்பி, மேலே தரை போடுவார்கள். சங்கன் ஸ்லாப் என்று கட்டட வேலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தொட்டி அது. கசிவு மாதக்கணக்கில் அதை நிரப்பிய பிறகே பக்கச் சுவருக்கோ கீழ்வீட்டுக் கூரைக்கோ செய்தி போகும். அதற்குள் கசிவு தொடங்கிய நாளை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

சுவரில் பூக்கும் வெள்ளை உப்பும் இதே போலத் தவறான இடத்தைக் காட்டும். நீர் வரும் வழியில் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள சல்ஃபேட் போன்ற உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. காற்றுப் படும் இடத்தில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. துளைகளுக்குள் வளரும் படிகங்கள் பூச்சை உள்ளிருந்து தள்ளி உடைக்கின்றன. பெயிண்ட் உப்புவதிலும் பூச்சு மணலாக உதிர்வதிலும் பெரும்பங்கு இவற்றுக்கு உண்டு. உப்பு பூத்த இடம் நீர் வெளியேறும் வாசலைக் காட்டுகிறது, புறப்பட்ட இடத்தை அல்ல. படுக்கையறைப் பக்கம் நீர்புகா பெயிண்ட் அடிப்பது ஏன் பயன் தருவதில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. வாசலை அடைத்தால் நீர் நின்றுவிடாது. ஆவியாக வேறு இடம் தேடி இன்னும் மேலேயோ பக்கத்திலோ போகும். சில மாதங்கள் கழித்து ஈரம் பெரிதாகி வெளிப்படும். நடுவில் கிடைத்த அந்த ஓய்வைத்தான் நாம் பழுது தீர்ந்ததாக நினைக்கிறோம்.

இனி நேரத்துக்கு வருவோம். ஷவர் உள்ள சுவரில் நான்கு வகை நீர் நடமாடுகிறது. மாடித் தொட்டியிலிருந்து ஷவர் வால்வு வரை வரும் குழாயில் நீர் இரவு பகலாக அழுத்தத்தோடு நிற்கிறது. கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயும் இதில் சேரும். வால்விலிருந்து ஷவர் தலை வரை மேலே ஏறும் குழாயில், ஷவரைத் திறந்தால் மட்டும் நீர் ஓடுகிறது. மூன்றாவது, டைல் மீது தெறித்து வழியும் நீர். இது டைல்களின் இணைப்புக் கோடுகளிலும், ஷவர் தலையைத் தாங்கும் ஷவர் ஆர்ம் சுவருக்குள் நுழையும் ஓட்டையின் ஓரத்திலும் உள்ளே போகலாம். சிமெண்ட் கிரவுட் பார்வைக்கு அடைப்பாகத் தெரிந்தாலும் நீரை முழுதாகத் தடுப்பதில்லை. நான்காவது, தரையில் இறங்கி நஹானி ட்ராப் வழியாக வெளியேறும் கழிவுநீர். நான்கும் ஒரே சுவரைத்தான் நனைக்கின்றன என்றாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கால அட்டவணை உண்டு. முதலாவது ஓயாமல் கசியும். இரண்டாவது ஷவரைத் திறந்தால் கசியும். மூன்றாவதற்கு டைல் நனைய வேண்டும், நான்காவதற்கு வடிகாலில் நீர் போக வேண்டும். அன்றாடக் குளியலில் பின் மூன்றும் ஒன்றாக நடந்துவிடுவதால்தான் அவற்றைப் பிரித்தறிய முடியாமல் திணறுகிறோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நடக்கவிட்டால் சிக்கல் தானாகப் பிரியும். மற்றவற்றையெல்லாம் அப்படியே வைத்து, ஒரே ஒரு சூழ்நிலையை மாற்றி, விளைவு மாறுகிறதா என்று பார்க்கும் இந்த வழியை 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் தர்க்க நூலில் வேறுபாட்டு முறை என்று வகுத்துவைத்தார். ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தும் அந்த விதி குளியலறைக்கும் பொருந்தும்.

இந்த விசாரணையில் பொறுமை வேண்டும் என்பதற்கும் இயற்பியல் காரணம் உண்டு. நுண்துளைப் பொருளில் நீர் பரவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1921இல் எட்வர்ட் வாஷ்பர்ன் காட்டினார். எளிமையாகச் சொன்னால், முதல் 2 செ.மீ.க்கு ஒரு மணி நேரம் ஆனால், 4 செ.மீ.க்கு நாலு மணி நேரமும், 8 செ.மீ.க்குப் பதினாறு மணி நேரமும் ஆகும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஆகவே காலையில் குளித்து மதியம் சுவரைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரைவிட ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு மடங்கைக் காட்டிலும் மிகத் தாமதமாகவே பதில் சொல்லும். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைப்பதும், அதே இடத்தில் நின்று நாள்தோறும் படம் எடுப்பதும் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். மெதுவாக நகரும் ஒன்று நகர்கிறதா என்பதை அறிய அதைவிட மலிவான வழியில்லை.

முதல் கேள்வி, ஓயாத கசிவா என்பது. அந்தக் குளியலறையில் நாலைந்து நாள் யாரும் குளிக்காமல், குழாய் இணைப்பை மட்டும் திறந்தே வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் குறையாமலோ வளர்ந்தோ இருந்தால், அழுத்தத்தோடு நிற்கும் குழாய்மீது சந்தேகம் விழுகிறது. பிறகு அந்தக் குளியலறைக்கு வரும் கேட் வால்வை மூடி அதே அளவு நாள் பார்க்கலாம். கீசருக்குப் போகும் ஆங்கிள் வால்வை மட்டும் மூடினால் வெந்நீர்க் குழாய் தனியாகப் பிரிந்துவிடும். அதை மூடியதும் ஈரம் பின்வாங்கினால் பழுது அந்தக் கிளையில்தான். தனி வீடாக இருந்தால் மாடித் தொட்டியே அளவுகோல். நொடிக்கு ஒரு சொட்டு கசிந்தால், ஒரு மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு என்ற கணக்கில், ஒரு நாளில் நாலே கால் லிட்டருக்கு மேல் போகும். 1.1 மீட்டர் குறுக்களவுள்ள உருளைத் தொட்டியில் மட்டம் 1 மி.மீ இறங்குவதென்றால் சுமார் ஒரு லிட்டர். அதாவது வீட்டில் யாரும் நீர் புழங்காத ஒரு நாளில் தொட்டி மட்டம் நாலைந்து மில்லிமீட்டர் இறங்கும். வேறு எந்தக் குழாயும் சொட்டவில்லை, மிதவை வால்வு வழியாகப் புதுநீர் ஏறவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அழுத்தத்தின் வரலாறும் ஒரு தடயம். தொட்டி மட்டத்திலிருந்து 10 மீட்டர் கீழே உள்ள குழாயில் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். மேல்மாடிக் குளியலறையில் நீர்மட்டம் இரண்டரை மீட்டர்தான் மேலே இருந்தால் கால் பார். ஓட்டை வழியே நீர் பாயும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பது 17ஆம் நூற்றாண்டில் தோரிச்செல்லி கண்ட விதி. கால் பார் அழுத்தத்தில் இருந்த குழாயில் பிரஷர் பம்ப் வைத்து இரண்டே கால் பார் ஆக்கினால், அழுத்தம் ஒன்பது மடங்கு, கசிவு மூன்று மடங்கு. அத்தோடு, கால் பாரைத் தாங்கிக்கொண்டிருந்த சுமாரான இணைப்புகள் புதிய அழுத்தத்தில் விட்டுக்கொடுப்பதும் உண்டு. ஷவரில் நீர் வேகமாக வர வேண்டும் என்று பம்ப் பொருத்திய பிறகு சுவர் ஊறத் தொடங்கியிருந்தால், அந்த நாள் தற்செயலாக அமைந்தது என்று ஒதுக்கிவிட முடியாது.

ஓயாத கசிவு இல்லை என்று தெரிந்தால், வால்வுக்கு மேலே உள்ள குழாயைத் தனியாகச் சோதிக்கலாம். ஷவர் தலையை மட்டும் கழற்றி, ஆர்மின் முனையில் எண்ட் கேப் போட்டு மூடி, ஷவர் வால்வைத் திறந்து சில மணி நேரம் வைக்க வேண்டும். குளியலறையில் ஒரு துளியும் விழாது, டைல் நனையாது, வடிகாலுக்கும் வேலை இல்லை. ஆனால் சுவருக்குள் உள்ள குழாயில் தொட்டியின் முழு அழுத்தமும் நிற்கும். அடுத்த சில நாட்களில் ஈரம் கூடினால் பழுது அந்தக் குழாயிலோ அதன் வளைவு இணைப்புகளான எல்போக்களிலோதான். ஆர்மையே கழற்றாமல் தலையை மட்டும் கழற்றச் சொல்வதற்குக் காரணம், ஆர்ம் எல்போவுடன் சேரும் மரை இணைப்பும் சந்தேகத்துக்குரிய இடம் என்பதே. கழற்றி மாட்டினால் தடயம் அழிந்துவிடும். இன்னொரு சிறு அறிகுறியும் உண்டு. ஷவரை மூடிய பிறகு இந்த ஏறுகுழாயில் நீர் நின்றுகொண்டிருக்க வேண்டும். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குச் சுமார் கால் லிட்டர். கீழே எங்கோ கசிந்தால் அது மெல்ல வடிந்து காலியாகிவிடும். மறுநாள் ஷவரைத் திறந்ததும் காற்றை உமிழ்ந்துவிட்டுத் தாமதமாக நீர் வந்தால் கவனிக்கத் தகுந்தது. நீரை ஷவருக்கும் கீழ்க்குழாய்க்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர்களில், மூடியதும் கீழ்க்குழாய் வழியாக நீரை வடித்துவிடும் வகையில் இது இயல்பாகவே நடக்கும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

குழாய்கள் குற்றமற்றவை என்றால் மிஞ்சுவது வடிகால், தரை, டைல். இங்கே வரிசை முக்கியம். டைலில் ஊற்றிய நீர் தரைக்கு வந்து, தரை நீர் வடிகாலுக்குப் போவதால், பின்னால் இருப்பதை முதலில் சோதித்து விலக்க வேண்டும். வாளி நீரைத் தரையில் படாமல் ஒரு குழாய் வைத்து நேராக ட்ராப்புக்குள் விட்டால் வடிகால் மட்டும் வேலை செய்யும். அதில் பழுதில்லை என்றால், ட்ராப் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, தரையில் இரண்டு மூன்று செ.மீ உயரத்துக்கு நீரைத் தேக்கி ஒருநாள் இரண்டுநாள் வைத்தால் தரையும் அதன் ஓரமும் சோதனைக்கு உள்ளாகும். அதுவும் தேறினால், வேறு இடத்திலிருந்து நீர் கொண்டுவந்து சுவர் டைல்களை நனைக்கலாம். கீழ்வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு படி மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த வரிசை நீரை உள்ளே விட்டது என்பது தெரியாமல் போய்விடும்.

நீரின் வழியை நிறத்தால் அடையாளம் காணலாமே என்று தோன்றலாம். அதற்கு ஒரு புகழ்பெற்ற முன்னுதாரணம் உண்டு. ஜெர்மனியில் டான்யூப் நதி இமெண்டிங்கன் அருகே தன் படுகையிலேயே உள்வாங்கி மறைகிறது. அந்த நீர் சுமார் 12 கி.மீ தள்ளியுள்ள ஆக் ஊற்றில் வெளிவருகிறதா என்பது நெடுநாள் கேள்வி. 1877 அக்டோபரில் அடால்ஃப் க்னோப் என்ற நிலவியலாளர், ஆறாண்டுகளுக்கு முன்புதான் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கியிருந்த ஃப்ளூரெசீன் என்ற ஒளிர்சாயத்தில் 10 கிலோவை ஆறு மறையும் இடத்தில் கரைத்தார். 20 டன் உப்பையும் கொட்டினார். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது, நீரில் உப்பும் கரித்தது. ஊகம் உறுதியான அறிவாக மாறியது அப்போதுதான். கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும் அளவுக்கு நீர் ஓடினால் இந்த முறை குளியலறைக்கும் உதவும். தேங்கிய தரை நீரில் உணவுச் சாயம் கலந்து, அதே நிறம் கீழே சொட்டினால் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் டான்யூப் நீர் சுண்ணாம்புப் பாறையின் திறந்த குகைவழிகளில் ஓடியது. படுக்கையறைச் சுவரில் நீர் நுண்துளைகளில் ஊர்கிறது. வழியில் சாயத்தைச் செங்கல்லும் சிமெண்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறம் வந்தால் அது ஆதாரம். வராவிட்டால் அதிலிருந்து எதுவும் நிரூபணமாகாது.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு, இப்போதுதான் கருவிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். அகச்சிவப்புக் கேமரா சுவரை ஊடுருவிப் பார்ப்பதில்லை. அது காண்பது மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே. ஈரமான பகுதி ஆவியாதலால் சற்றுக் குளிர்ந்திருக்கும் என்பதே அதன் அடிப்படை. சென்னை போன்ற புழுக்கமான ஊரில் ஆவியாதல் குறைவு, ஆகவே வேறுபாடும் குறைவு. பளபளக்கும் டைல் சுற்றுப்புற வெப்பத்தையும் பிரதிபலித்துக் குழப்பும். முள் பதித்து அளக்கும் ஈரமானி மின்தடையைத்தான் அளக்கிறது; உப்பு ஏறிய சுவர் சற்றே ஈரமாக இருந்தாலும் அது உச்ச அளவைக் காட்டும். ஒலிகேட்கும் கருவிக்குக் கசிவு சத்தமிட வேண்டும். கால் பார் அழுத்தத்தில் அது பெரும்பாலும் சத்தமிடுவதில்லை. ஐந்து விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவைக் குழாயில் செலுத்தி, சுவரில் எங்கே அது எட்டிப் பார்க்கிறது என்று உணரும் முறை இவற்றில் நுட்பமானது, ஆனால் குழாய்க் கசிவுக்கு மட்டுமே பொருந்தும். கருவிகளை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. கசிவு எந்த வகை நீர் என்று தெரிந்த பிறகு அவை மிகுந்த பயன் தரும். வெந்நீர்க் குழாயில்தான் பழுது என்று தெரிந்துவிட்டால், வெந்நீரைத் திறந்துவிட்டு அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கும்போது, குழாயின் தடமும் அதிலிருந்து வழிந்து பரவும் வெப்பமும் தெரியக்கூடும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கருவியை நீட்டினால், அது ஈரமான சுவர் ஈரமாக இருக்கிறது என்றுதான் சொல்லும்.

அனுபவமுள்ள பிளம்பர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்பது அடுத்த எதிர்வாதம். இதில் உண்மை இருக்கிறது. நேராக ஓடும் குழாயைவிட இணைப்புகளில்தான் பழுது அதிகம் என்பது அவர் கைவழியாகக் கற்றது. சிபிவிசி குழாயில் சால்வென்ட் சிமெண்ட் சரியாகப் பிடிக்காத இணைப்பு, பித்தளை மரையை அளவுக்கு மீறி முறுக்கியதால் விரிந்த எல்போ, பழைய ஜிஐ குழாயில் துருவேறி மெலிந்த மரை என்று அவரிடம் ஒரு பட்டியலே இருக்கும். சிபிவிசி வெப்பத்தில் நீளும் என்பதும் அவருக்குத் தெரியும். 3 மீட்டர் குழாய் 30 டிகிரி சூடேறினால் 5 மி.மீ.க்கு மேல் நீளும். அசைய இடமின்றிப் புதைக்கப்பட்ட குழாயில் அந்த நீட்சியின் பளு மூலை எல்போக்களில் விழுகிறது. இந்த அறிவு, எதை முதலில் சோதிக்கலாம் என்று முடிவெடுக்க மிகவும் உதவும். சோதனைக்குப் பதிலாக அதை வைக்க முடியாது. பத்துச் சுவரில் ஏழில் இணைப்புதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். நம் சுவர் அந்த ஏழில் ஒன்றா மிச்ச மூன்றில் ஒன்றா என்பதை அந்த எண் சொல்லாது.

ஒரே நேரத்தில் இரண்டு கசிவுகள் இருந்தால் இந்த முறை தோற்காதா என்பது எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்தினால் நிச்சயம் தோற்கும். அதனால்தான் ஒவ்வொரு சோதனையும் மற்றதைச் சாராமல் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். குழாய்ச் சோதனையில் ஈரம் கூடியது குழாயைக் குற்றவாளியாக்கும், தரையை விடுதலை செய்யாது. பழுது பார்த்த பின் எல்லாச் சோதனைகளையும் இன்னொரு சுற்று செய்வதே இதற்கு விடை. இதற்கெல்லாம் இரண்டு மூன்று வாரம் ஆகுமே என்றால், ஆகும்தான். அந்த நாட்களில் வேறு குளியலறையையோ வாளிக் குளியலையோ நாட வேண்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் ஊறிய சுவருக்கு மூன்று வாரம் பெரிதில்லை. தவறான இடத்தில் உடைத்தால் டைல் போவதோடு நிற்பதில்லை. அதன் பின்னாலிருந்த நீர்த்தடுப்புப் பூச்சும் போய், இல்லாத கசிவு ஒன்று புதிதாகப் பிறக்கிறது.

பழுது குழாயில் என்று உறுதியானால், உடைக்கும் முன் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. கைப்பம்பும் அழுத்தமானியும் இணைத்து, குழாயிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்றி, அழுத்தம் ஏற்றி வைத்துப் பார்ப்பது அது. குளிர்நீர், வெந்நீர், ஏறுகுழாய் என ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே மூடி ஏற்றினால், முள் இறங்கும் கிளை பழுதுள்ள கிளை. காற்று தங்கியிருந்தாலும், வால்வு சரியாக மூடாவிட்டாலும் முள் இறங்கும் என்பதால் இவ்விரண்டையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் சுத்தியல், அதுவும் அந்தக் கிளையின் இணைப்பு உள்ள இடத்தில் மட்டும். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் படுக்கையறைப் பக்கமிருந்து திறப்பதைப் பரிசீலிக்கலாம். டைலும் நீர்த்தடுப்பும் தப்பும், பூச்சு மட்டும் பூசினால் போதும். பழுதான இணைப்பின் மேல் எதையாவது பூசி அடைப்பதைவிட, இருபுறமும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போடுவதே நிலைக்கும். சிபிவிசியில் உள்ளே ஈரம் இருந்தால் ஒட்டு பிடிக்காது. வடித்து, துடைத்து, ஒட்டி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காயவிட வேண்டும். ஜிஐ குழாய் ஓரிடத்தில் துருவேறிக் கசிந்தால் அடுத்த இடமும் தூரத்தில் இருக்காது என்பதால் அந்தக் கிளை முழுவதையும் மாற்றுவது நல்லது. புதிய இணைப்பைத் திறந்த நிலையிலேயே மறுபடி அழுத்தம் ஏற்றிப் பார்த்த பிறகுதான் சுவரை மூட வேண்டும். டைல் இணைப்பில் பழுதென்றால், பழைய கிரவுட்டைக் கீறி எடுத்து எப்பாக்ஸி கிரவுட் இடுவது பல நேரங்களில் போதும். பின்னாலுள்ள நீர்த்தடுப்பே போய்விட்டிருந்தால் டைலை எடுத்துத் திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை.

வேலை முடிந்த மறுவாரமே சுவர் காயவில்லை என்று பிளம்பரைக் குறை சொல்வதும் தவறு. ஊறிய சுவர் காய்வதற்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கட்டடத் துறையில் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. காற்றோட்டத்தையும் பருவத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, சுவரைத் திறந்தபடி காயவிட்டு, பென்சில் கோட்டுக்குள் ஈரம் சுருங்குகிறதா என்று பார்த்து, அதன் பிறகே பூசிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். உப்பை உள்ளே வைத்துப் பூசினால், கசிவு நின்ற பிறகும் அது மழைக்காலக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி பொரியும்.

இந்தத் தேடல் முழுவதும் தேவையாவதற்குக் காரணம், குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமல் சுவரை மூடிவிடுவதுதான். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் குளியலறையைப் புதுப்பிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காடியை அடைக்கும் முன் குழாய்களில் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு வைத்து, அழுத்தமானியின் முள் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அளவு நாடாவைச் சுவரில் பிடித்து, ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஒரு பெட்டி டைலைக் கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். ஓதம் வந்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இம்மூன்றுக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது.